வரவிருக்கும் காமிக்ஸ்: பட்டியலை எப்படிப் படிப்பது, எதற்குப் பணம் கொடுப்பது

அமெரிக்க காமிக்ஸ் பதிப்பகங்கள் மாதாமாதம் வெளியிடும் முன்னறிவிப்புப் பட்டியலைப் புதிதாகப் பார்க்கிறவருக்குத் தலை சுற்றும். ஒரே இதழ் எட்டு அட்டைகளோடு எட்டு இடத்தில் இருக்கும். அறுபது வயதான கதாநாயகனுக்கு "முதல் இதழ்" என்று விளம்பரம் வரும். மூன்று மாதம் கழித்து வரப்போகும் புத்தகத்துக்கு இப்போதே சொல்லிவைக்கச் சொல்வார்கள். போதாக்குறைக்கு, இந்த அறிவிப்புகளையெல்லாம் பல்லாண்டுகளாக ஒரே தடித்த புத்தகமாகத் தொகுத்துத் தந்துகொண்டிருந்த டயமண்ட் என்ற விநியோக நிறுவனம் 2025 ஜனவரியில் திவால் சட்டத்தின்கீழ் நீதிமன்றப் பாதுகாப்பு கோரியது. எந்தப் பதிப்பகத்தின் பட்டியலை எங்கே பார்ப்பது என்பதே இப்போது ஒரு கேள்வி.

இந்தக் குழப்பங்களில் பெரும்பாலானவற்றுக்கு ஒரே காரணம்தான். அந்தப் பட்டியல் வாசகருக்காக எழுதப்படுவதில்லை, கடைக்காரருக்காக எழுதப்படுகிறது. யாரிடம் பேசுகிறார்கள் என்று தெரிந்துவிட்டால், எந்த வரியை நம்பலாம், எதைத் தாண்டிப் போகலாம், எதற்காகக் காசை எடுக்கலாம் என்பதும் ஓரளவு தெளிந்துவிடும்.

1. ஏன் மூன்று மாதம் முன்பே கேட்கிறார்கள்?

1970கள் வரை அமெரிக்காவில் காமிக்ஸ் பெரும்பாலும் பத்திரிகைக் கடைகளில்தான் விற்றது. விற்காத பிரதிகளின் அட்டையைக் கிழித்து அனுப்பினால் கடைக்காரருக்குப் பணம் திரும்பக் கிடைத்துவிடும். அதாவது, நட்டம் பதிப்பகத்தின் தலையில் விழும். எத்தனை பிரதி விற்கும் என்று தெரியாமல் பல மடங்கு அச்சடித்து, பாதிக்கு மேல் குப்பைக்குப் போவதும் சாதாரணமாக நடந்தது.

அந்தப் பத்தாண்டின் தொடக்கத்தில் ஃபில் சூலிங் என்ற நியூயார்க்காரர் பதிப்பகங்களிடம் வேறொரு ஒப்பந்தம் பேசினார். கூடுதல் தள்ளுபடி கொடுங்கள், விற்காததைத் திருப்பித் தரமாட்டோம் என்றார். பதிப்பகங்களுக்கு இது கரும்பு தின்னக் கூலி. ஆர்டர் எவ்வளவோ அவ்வளவு அச்சடித்தால் போதும், பணம் உறுதி. காமிக்ஸ் மட்டும் விற்கும் தனிக்கடைகள் இந்த ஏற்பாட்டின்மேல்தான் முளைத்தன. நேரடிச் சந்தை என்று இன்றுவரை சொல்வது இதைத்தான்.

இதிலிருந்து மூன்று விளைவுகள் வந்தன:

1. நட்டம் கடைக்காரரிடம் இடம் மாறியது. அலமாரியில் தங்கும் ஒவ்வொரு பிரதியும் அவர் பணம்.
2. அச்சடிக்கும் முன்பே எண்ணிக்கை தெரிய வேண்டியிருப்பதால், இதழ் வருவதற்கு ஏறத்தாழ இரண்டு மூன்று மாதம் முன்பே அறிவிப்பு வந்தாக வேண்டும்.
3. கடைக்காரரைக் கூடுதலாக ஆர்டர் போட வைப்பதுதான் அறிவிப்பின் வேலை. கதை நன்றாக இருக்கிறதா என்பது அதில் இரண்டாம் பட்சம்.

நடைமுறையில் கால வரிசை இப்படிப் போகும். முதலில் பட்டியல் வரும். கடைக்காரர் உத்தேசமாக ஓர் எண்ணிக்கை சொல்வார். இதழ் வெளிவர மூன்று, நான்கு வாரம் இருக்கும்போது இறுதி ஆர்டர் தேதி வரும். அதுவரை எண்ணிக்கையைக் கூட்டலாம், குறைக்கலாம். அதற்குப் பிறகு முடியாது. பின்னர் ஒரு புதன்கிழமை இதழ் கடைக்கு வரும். வாசகர் கவனிக்க வேண்டிய தேதி இந்த இறுதி ஆர்டர் தேதிதான். அதற்குள் கடையில் சொல்லிவைத்தால் நம் பிரதி அச்சு எண்ணிக்கையில் சேரும். அதற்குப் பிறகு, கடைக்காரர் துணிந்து வாங்கிவைத்திருந்தால் உண்டு.

2. ஒரே பட்டியல் எப்படிச் சிதறியது?

டயமண்ட் 1982இல் பால்டிமோரில் தொடங்கப்பட்டது. அப்போது அதைப் போல இன்னும் பல விநியோகஸ்தர்கள் இருந்தார்கள். 1994 கடைசியில் மார்வெல் பதிப்பகம் ஹீரோஸ் வேர்ல்டு என்ற விநியோக நிறுவனத்தை வாங்கி, தன் இதழ்களை அதன் வழியாக மட்டுமே தரத் தொடங்கியது. பதறிப்போன போட்டிப் பதிப்பகங்களான டிசி, இமேஜ், டார்க் ஹார்ஸ் மூன்றும் டயமண்டோடு தனி ஒப்பந்தம் போட்டன. மார்வெலின் சோதனை தோற்று 1997இல் அதுவும் டயமண்டிடமே வந்து சேர்ந்தபோது, போட்டியாளர் என்று சொல்ல யாரும் மிஞ்சவில்லை. அடுத்த இருபது ஆண்டுக்கு மேலாக, ஒரு கடைக்காரர் ஒரு பட்டியலைப் புரட்டினால் முழுச் சந்தையும் அதில் இருந்தது.

2020 வசந்தத்தில் கொரோனா முடக்கத்தின்போது டயமண்ட் புதிய இதழ்களை அனுப்புவதை நிறுத்திவைத்தது. டிசி காத்திருக்கவில்லை, அந்த ஆண்டே வெளியேறி, லூனார் என்ற விநியோகஸ்தரிடம் போனது. 2021 அக்டோபரில் மார்வெல், பொதுப் புத்தக உலகின் பெரிய நிறுவனமான பெங்குவின் ராண்டம் ஹவுஸுக்கு மாறியது. ஐடிடபிள்யூ, டார்க் ஹார்ஸ் பதிப்பகங்கள் இரண்டும் அதே வழியில் போயின. இமேஜ் 2023இல் லூனாரிடம் போனது. 2025இல் டயமண்ட் விழுந்தபோது அதை நம்பி எஞ்சியிருந்தவை பெரும்பாலும் சிறு பதிப்பகங்கள். விற்றபின் பணம் என்ற முறையில் அவை கிடங்கில் கொடுத்து வைத்திருந்த சரக்கு யாருக்குச் சொந்தம் என்பதே நீதிமன்ற வழக்கானது.

வாசகருக்கு இதில் இரண்டு விஷயம் முக்கியம். ஒன்று, சிறு பதிப்பகத்தின் புத்தகம் அறிவிக்கப்பட்ட தேதியில் வரவில்லை என்றால் அது கதாசிரியரின் சோம்பலாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. இரண்டு, விற்பனைக் கணக்கு. முன்பு டயமண்ட் மாதந்தோறும் தந்த தரவரிசையை வைத்து, எந்த இதழ் ஏறத்தாழ எத்தனை போனது என்று வெளியாட்களும் கணிக்க முடிந்தது. அந்தக் கணக்கும்கூட கடைகள் வாங்கியதைத்தான் சொன்னது, வாசகர்கள் வாங்கியதை அல்ல. இன்று அப்படி ஒரு பொதுவான அளவுகோல்கூட இல்லை.

அதனால்தான் "விற்றுத் தீர்ந்தது" என்ற செய்தியை நிதானமாகப் படிக்க வேண்டும். விநியோகஸ்தரின் கிடங்கு காலி என்பதுதான் அதன் பொருள். அதே நாளில் பல கடைகளின் அலமாரியில் அந்த இதழ் அடுக்காக இருக்கலாம். இறுதி ஆர்டருக்கு மேல் சில நூறு பிரதிகள் மட்டும் கூடுதலாக அச்சடித்திருந்தால், எந்த இதழும் விற்றுத் தீரும்.

3. அறிவிப்பின் ஒவ்வொரு வரியும் என்ன சொல்கிறது?

பெயரும் எண்ணும். "5இல் 1" என்பது போல இருந்தால் அது குறுந்தொடர். முடிவு உண்டு, செலவும் முன்கூட்டியே தெரியும். வெறும் எண் மட்டும் இருந்தால் தொடர்ந்து வரும் தொடர். "1" என்ற எண்ணுக்கு மட்டும் அதிக மரியாதை வேண்டாம். 1963இல் தொடங்கிய அமேசிங் ஸ்பைடர்மேன் 1999, 2014, 2015, 2018, 2022, 2025 என்று ஆறு தடவை மீண்டும் ஒன்றிலிருந்து எண்ணப்பட்டிருக்கிறது. முதல் இதழுக்குக் கடைகள் அதிகம் ஆர்டர் போடும், இரண்டாவதில் எண்ணிக்கை சரியும். அந்தச் சரிவுக்கு மருந்தாக மறுபடியும் ஒரு முதல் இதழ். புதிய கதாசிரியர் பொறுப்பேற்கிறார் என்றால் அது நல்ல நுழைவாயில்தான். அதே குழு, அதே கதை, எண் மட்டும் புதிது என்றால் அது கணக்குப் புத்தகத்துக்கான மாற்றம்.

யார் எழுதுகிறார், யார் வரைகிறார். முழு அறிவிப்பிலும் மிகவும் பயனுள்ள வரி இதுதான். கவனிக்க வேண்டியது, அட்டை ஓவியரும் உள்ளே வரைபவரும் பெரும்பாலும் வேறு வேறு ஆட்கள். அட்டையைப் பார்த்து மயங்கி வாங்கியவர்கள் உள்ளே புரட்டியதும் முகம் சுளிப்பது இந்தத் துறையில் பழைய கதை. இரண்டு அல்லது மூன்று உள் ஓவியர்களின் பெயர் இருந்தால் அவசரத்தில் தயாராகும் இதழ் என்று ஊகிக்கலாம். மாதம் இரண்டு முறை வரும் தொடர்களில் ஒரே ஓவியர் தாக்குப்பிடிப்பது அரிது. ஒருவர் மாதத்துக்கு இருபது பக்கம் வரைவதே கடினம்.

பக்கமும் விலையும். வழக்கமான இதழ் 32 பக்கம் என்று போட்டிருந்தாலும் கதை 20 முதல் 22 பக்கம்தான், மீதி விளம்பரம். விலை 3.99 அல்லது 4.99 டாலர். 5.99 என்றால் கூடுதல் பக்கம் உண்டா என்று பார்க்க வேண்டும். தடித்த அட்டைக்காக மட்டும் ஒரு டாலர் கூட்டுவதும் நடக்கிறது.

கதைச் சுருக்கம். இதுதான் நம்பகம் மிகக் குறைந்த வரி. "இனி எதுவும் பழையபடி இருக்காது" என்ற வாசகத்துக்கு இந்தத் துறையில் ஓய்வே கிடையாது. அதைவிடச் சுவையான உதாரணங்கள் உண்டு. ராபர்ட் கிர்க்மேன் எழுதிய வாக்கிங் டெட் தொடர் 2019 ஜூலையில் 193ஆம் இதழோடு முன்னறிவிப்பே இல்லாமல் முடிந்தது. முடிவைக் காப்பாற்றுவதற்காக, வரவே போகாத 194 முதலான இதழ்களுக்கும் அட்டையோடு பொய் அறிவிப்பு கொடுத்திருந்தார்கள். 2023 ஜூனில் வந்த வாய்டு ரைவல்ஸ், புத்தம்புது விண்வெளிக் கதை என்றே அறிவிக்கப்பட்டது. உள்ளே, வேறொரு பிரபல வரிசையின் ரோபோவான டிரான்ஸ்ஃபார்மர் எழுந்து நின்றது. வாசகருக்கு இரண்டுமே இன்ப அதிர்ச்சிதான். ஆனால் பட்டியலைச் சத்தியப் பிரமாணமாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்பதற்கு வேறு சான்று தேவையில்லை.

4. ஒரே இதழுக்கு ஏன் இத்தனை அட்டை?

ஒரே உள்ளடக்கத்துக்கு மாற்று அட்டை போட்டு விற்பதுதான் வேரியண்ட். 1986இல் வந்த மேன் ஆஃப் ஸ்டீல் என்ற சூப்பர்மேன் தொடரின் முதல் இதழ் இரண்டு அட்டைகளோடு வந்தது. நவீன காலத்தில் அதைத்தான் தொடக்கமாகச் சொல்வார்கள். இன்று ஒரு முக்கியமான முதல் இதழுக்குப் பத்து, இருபது அட்டைகள் சாதாரணம்.

இவற்றில் இரண்டு வகை உண்டு. முதல் வகையைக் கடைக்காரர் எத்தனை வேண்டுமானாலும் வாங்கலாம்; விலையும் ஏறத்தாழ ஒன்றுதான். இரண்டாம் வகைக்கு நிபந்தனை உண்டு. சாதாரண அட்டையில் 25 பிரதி எடுத்தால் இந்த அட்டையில் ஒன்று கிடைக்கும். 50, 100 என்று விகிதம் ஏறிக்கொண்டே போவதும் உண்டு.

இந்த இரண்டாம் வகை எப்படி வேலை செய்கிறது என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். இதழின் விலை 5 டாலர், கடைக்கு 2.50க்கு வருகிறது, அந்தக் கடையில் அதற்கு 15 வாடிக்கையாளர்கள் என்று வைத்துக்கொள்வோம். நிபந்தனை அட்டைக்காகக் கடைக்காரர் 25 எடுக்கிறார். பத்து பிரதி மிஞ்சும். அதில் முடங்குவது 25 டாலர். அந்தப் பணத்தை எடுக்க, கிடைத்த ஒற்றை வேரியண்ட்டை 25, 30 டாலருக்கு விற்கிறார். ஆக, அந்த விலை விற்காத பத்து பிரதிகளின் விலை. அரிதானது, மதிப்புள்ளது என்ற அடைமொழியெல்லாம் அதற்குப் பிறகு ஒட்டப்படுவது. இன்னொரு பக்கம், 15 வாசகர் உள்ள இதழுக்குப் பதிப்பகத்தின் கணக்கில் 25 பிரதி போனதாகப் பதிவாகும்.

ஓர் ஓவியரின் படம் உண்மையிலேயே பிடித்து, சாதாரண விலையிலேயே அந்த அட்டை கிடைத்தால் வாங்குவதில் தவறே இல்லை. கூடுதல் விலை கொடுக்கும்போதுதான் எதற்குக் கொடுக்கிறோம் என்று யோசிக்க வேண்டும்.

5. வாங்கிவைத்தால் விலை ஏறுமா?

வரவிருக்கும் இதழ்களைப் பற்றிய பேச்சில் பாதி இந்தக் கேள்விதான். சூப்பர்மேன் முதன்முதலில் தோன்றிய, 1938இல் 10 சென்ட்டுக்கு விற்ற ஆக்ஷன் காமிக்ஸ் முதல் இதழின் ஒரு பிரதி 2024 ஏப்ரலில் 60 லட்சம் டாலருக்கு ஏலம் போனது. இதைக் கேட்டால் யாருக்கும் ஆசை வரும். ஆனால் அந்த விலைக்குக் காரணம், அதை யாரும் பாதுகாத்து வைக்கவில்லை என்பதுதான். படித்தார்கள், கிழிந்தது, போர்க்காலத்தில் பழைய காகிதமாகவும் போட்டார்கள். நல்ல நிலையில் எஞ்சியது விரல்விட்டு எண்ணும் அளவே.

எல்லோரும் பாதுகாத்து வைத்தால் என்ன ஆகும் என்பதை 1990களின் தொடக்கம் காட்டியது. 1991இல் வந்த எக்ஸ்மென் முதல் இதழ் ஐந்து அட்டைகளோடு ஏறத்தாழ 80 லட்சம் பிரதி கடைகளுக்குப் போய், கின்னஸில் ஏறியது. 1992 நவம்பரில் சூப்பர்மேன் இறந்த 75ஆம் இதழ் கறுப்பு உறையில் வந்தது. கடைகளில் வரிசை நின்றது. உறையைப் பிரிக்காமல் பீரோவில் வைத்தவர்கள் லட்சக்கணக்கில். இன்று அவற்றில் பெரும்பாலானவை மிகச் சொற்ப விலைக்குக் கிடைக்கின்றன. வாங்கியவர்களில் பலர் படிப்பதற்காக வாங்கவில்லை என்பது தெரியவந்ததும் சந்தை சரிந்தது, ஏராளமான கடைகள் மூடப்பட்டன, 1996 டிசம்பரில் மார்வெலே திவால் மனு போட்டது.

விலை ஏறிய நவீன இதழ்கள் எதிர்த் திசையில் இருக்கின்றன. 2003 அக்டோபரில் வந்த வாக்கிங் டெட் முதல் இதழ் ஏழாயிரத்துச் சொச்சம் பிரதிதான் அச்சானது. கறுப்பு வெள்ளை, ஜாம்பிக் கதை, பெரிதாகப் பெயர் வராத குழு. கடைகள் பயந்து பயந்துதான் ஆர்டர் போட்டன. 2010இல் தொலைக்காட்சித் தொடர் வந்ததும் தேடல் தொடங்கியது. எது அடுத்த வாக்கிங் டெட் என்று பட்டியலைப் பார்த்துச் சொல்ல முடிந்திருந்தால், அதற்கும் கடைகள் லட்சம் ஆர்டர் போட்டிருக்கும், விலையும் ஏறியிருக்காது. "சேகரிப்பாளர்களுக்கான பதிப்பு" என்று பதிப்பகமே அச்சடித்துத் தருவது எதுவும் அரிதாக வாய்ப்பில்லை.

6. ஒரே கதை, பல வடிவம், பல விலை

ஒரு கதை முதலில் தனி இதழ்களாக வரும். ஐந்து ஆறு இதழ் முடிந்து சில மாதம் கழித்து மெல்லிய அட்டைத் தொகுப்பு வரும். நன்றாகப் போனால் கெட்டி அட்டை, அதற்கும் மேலே ஆம்னிபஸ் என்ற ஆயிரம் பக்கத் தலையணை, கடைசியில் சிறிய மலிவுப் பதிப்பு.

விலை வேறுபாடு சின்னதல்ல. 4.99 வீதம் ஆறு இதழ் 29.94 டாலர். அதே ஆறும் தொகுப்பாக வரும்போது பெரும்பாலும் 17.99 அல்லது 19.99, நடுவில் விளம்பரமும் இல்லை. இமேஜ் பதிப்பகம் பல தொடர்களின் முதல் தொகுப்பை 9.99க்கே தந்திருக்கிறது, வாசகரை உள்ளே இழுப்பதற்காக. 2024 ஜூனில் டிசி தொடங்கிய காம்பாக்ட் வரிசையில் வாட்ச்மேனின் பன்னிரண்டு இதழ்களும் ஒரே புத்தகமாக 9.99 டாலர். பக்கம் சிறியது, கண்ணாடி போட்டவர்களுக்குக் கொஞ்சம் சிரமம். ஆனால் இரண்டு தனி இதழின் விலையில் முழுக்கதை என்பதை வேறு எந்த வடிவமும் தருவதில்லை.

டிஜிட்டல் சந்தாவும் உண்டு. மார்வெல் அன்லிமிடெட்டில் புதிய இதழ்கள் ஏறத்தாழ மூன்று மாதத்தில் வந்துவிடும். டிசியின் சேவையில் சாதாரணச் சந்தாவுக்கு ஆறு மாதம், உயர்ந்த சந்தாவுக்கு ஒரு மாதம். வெறும் ஆர்வத்தில் எட்டிப் பார்க்க வேண்டிய கதைகளுக்கு இதுவே போதும். குறிப்பாக, பல தொடர்களின் நாயகர்கள் ஒரே கதையில் சேரும் பெரிய கிராஸ்ஓவர் நடக்கும்போது வரும் கிளை இதழ்களுக்கு. மையக் கதை ஆறு இதழ் என்றால் அதைச் சுற்றி முப்பது இதழ் வரும். "தவறவிடக் கூடாதது" என்று ஒவ்வொன்றிலும் எழுதியிருக்கும். மையக் கதையை மட்டும் படித்தால் புரியாத கிராஸ்ஓவர், மோசமாக எழுதப்பட்ட கிராஸ்ஓவர். கிளை இதழ்களை வாங்கி அதைச் சரிசெய்ய முடியாது.

7. அப்படியென்றால் எல்லாவற்றுக்கும் காத்திருக்கலாமே?

கணக்கு மட்டும் பார்த்தால் ஆம். ஆனால் தொடர் நீடிக்குமா என்பதை முடிவு செய்வது தனி இதழ்களின் ஆர்டர். அந்த முடிவு தொகுப்புக்காகக் காத்திருப்பவர் கடைக்கு வரும் முன்பே எடுக்கப்பட்டுவிடுகிறது.

2011 செப்டம்பரில் டிசி தன் எல்லா சூப்பர்ஹீரோ தொடர்களையும் நிறுத்தி, 52 புதிய முதல் இதழ்களோடு தொடங்கியது. 2012 ஜனவரியிலேயே அவற்றில் ஆறு தொடர்கள் எட்டாம் இதழோடு நிற்கும் என்று அறிவித்தது. அந்த வரிசையின் முதல் தொகுப்பு கடைக்கு வந்ததே அந்த ஆண்டு மே மாதம்தான். மூன்று மாதம் முன்பே ஆர்டர் போடும் முறையில், கடைக்காரர் முதல் இதழை வாசகர் கையில் கொடுப்பதற்குள் மூன்றாவது, நான்காவது இதழுக்கு உத்தேச எண்ணிக்கை சொல்லியாக வேண்டும். வாசகரின் கருத்து அந்த எண்ணில் இருக்கவே முடியாது.

பெரிய பதிப்பகத்தின் பிரபல நாயகர்களுக்கு இதனால் பெரிய பாதிப்பில்லை. பேட்மேனை யாரும் நிறுத்தப் போவதில்லை. படைப்பாளிகளே உரிமை வைத்திருக்கும் தொடர்களில் நிலைமை வேறு. இமேஜ் போன்ற இடத்தில் பதிப்பகம் தன் கட்டணத்தை எடுத்துக்கொண்டு மீதியைத் தருகிறது. கதாசிரியரும் ஓவியரும் வேலையில் இருக்கும் மாதங்களில் கைக்கு வரும் காசு தனி இதழ் விற்பனையிலிருந்துதான். ஓவியர் வேறு வேலைக்குப் போனால் அதோடு கதை முடிந்தது.

ஆகவே தனி இதழுக்குக் கொடுக்கும் கூடுதல் பத்து டாலரை இரண்டு விதமாகப் பார்க்கலாம். பேட்மேனுக்குக் கொடுத்தால் அது பொறுமையின்மைக்கான அபராதம். புதிய குழுவின் புதிய கதைக்குக் கொடுத்தால் கதை முடிவு வரை போக ஒரு சிறு உத்தரவாதம். இரண்டாவதற்கே முன்னுரிமை தர வேண்டும் என்பது இக்கட்டுரையின் கட்சி.

8. எதை எப்போது வாங்குவது

1. முழுக் குறுந்தொடர், ஒரே கதாசிரியர், ஒரே ஓவியர், படைப்பாளியின் சொந்த உரிமை: முதல் இதழிலிருந்தே சொல்லிவைத்து வாங்கத் தகுந்தது. முடிவு தெரிந்த செலவு.

2. பிரபல நாயகனின் புதுத் தொடக்கம்: முந்தைய கதை தெரியாமலே படிக்க முடியும் என்றால் மட்டும் முதல் இதழை வாங்கிப் பார்க்கலாம். 2024 ஜனவரியில் ஜோனதன் ஹிக்மனும் மார்கோ செக்கெட்டோவும் தொடங்கிய அல்டிமேட் ஸ்பைடர்மேன், அதே ஆண்டு அக்டோபரில் ஸ்காட் ஸ்னைடரும் நிக் டிராகோட்டாவும் தொடங்கிய ஆப்சல்யூட் பேட்மேன் இரண்டும் இந்த வகை. பழைய தொடர்ச்சியிலிருந்து வெட்டிக்கொண்டு தனி உலகில் நடப்பவை. இரண்டும் பல முறை மறு அச்சுக்குப் போயின. முதல் அச்சைத் தவறவிட்டவர்கள் அட்டை விலைக்கே மறு அச்சில் படித்தார்கள்; கதை இரண்டிலும் ஒன்றுதான்.

3. நீண்ட தொடரின் நடு இதழ்கள்: தொகுப்பு. இடைவெளி வரலாம் என்ற அபாயமும் இங்கே உண்டு. பிரையன் கே. வாகனும் ஃபியோனா ஸ்டேபிள்ஸும் உருவாக்கிய சாகா 2018 ஜூலையில் 54ஆம் இதழோடு ஓய்வெடுத்து 2022 ஜனவரியில்தான் 55க்கு வந்தது. தொகுப்பாக வைத்திருந்தவர்கள் முதலிலிருந்து ஒருமுறை படித்துவிட்டுத் தொடர்ந்தார்கள்.

4. கிராஸ்ஓவரின் கிளைகள், நூறாவது முறையாக வரும் "முதல் இதழ்", உறையிட்டு மூடிய சிறப்பு அட்டைகள்: தாண்டிப் போகலாம்.

5. பழைய இதழை விளம்பரங்களோடு அப்படியே மறு அச்சு செய்யும் நகல் பதிப்புகள்: 1960களின் விளம்பரப் பக்கங்களில் ஆர்வம் உள்ளவர்களுக்கு நல்ல வேடிக்கை. கதைக்காக என்றால் அப்படிப்பட்ட ஒன்றிரண்டு இதழின் விலைக்கே டிஜிட்டலில் ஒரு மாதம் முழுக்கப் படிக்கலாம்.

9. ஆம்னிபஸ் மட்டும் தலைகீழ்

மேலே சொன்ன எல்லாவற்றிலும் காத்திருந்தால் விலை இறங்கும். ஆம்னிபஸில் அப்படி இல்லை. அட்டை விலை பெரும்பாலும் 100 டாலர் அல்லது அதற்கு மேல். ஒரே தடவை, குறிப்பிட்ட எண்ணிக்கை. தீர்ந்தால் மறு அச்சுக்கு ஆண்டுக்கணக்கில் ஆகலாம், வராமலும் போகலாம். இடைப்பட்ட காலத்தில் பழைய பிரதிகள் இரு மடங்கு, மூன்று மடங்கு விலைக்கு நிற்கும். ஆகவே பல ஆண்டுகளாக வேண்டும் என்று நினைத்திருந்த ஒன்று பட்டியலில் வந்தால் முன்பதிவு செய்வது நியாயம். பெரும்பாலான கடைகள் முன்பதிவுக்கு நல்ல தள்ளுபடியும் தருகின்றன.

எதிர்ப்பக்கத்தில், தீர்ந்துபோன ஆம்னிபஸுக்கு யாராவது 400 டாலர் கேட்டால் அன்றைக்கே கொடுக்க வேண்டாம். மறு அச்சு அறிவிப்பு வந்த நாளில் அந்த விலை சரிந்துவிடும். அறிவிப்புகள் பல மாதம் முன்பே வருவதால், அடுத்த ஆண்டு பட்டியலைப் புரட்டிப் பார்க்க ஐந்து நிமிடம் போதும்.

முன்பதிவு செய்தபின் மனம் மாறினால் இறுதி ஆர்டர் தேதிக்குள் கடையில் சொல்லிவிட வேண்டும். அதுவரை ரத்து செய்வதில் யாருக்கும் நட்டமில்லை. தேதி தாண்டிய பிறகு வேண்டாமென்றால் அந்தப் பிரதியை விநியோகஸ்தர் திரும்ப எடுத்துக்கொள்ள மாட்டார். அதன் விலை கடைக்காரரின் கணக்கில்தான் நிற்கும்.